லைன் இருக்கிறது, பேச்சு இல்லை: லீஸ்டு லைன் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் லீஸ்டு லைன் (நமக்கென்றே வாடகைக்கு எடுக்கும் தனி லைன்) பற்றியவைதான் அதிகம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்ததும் ஒன்று தெரிந்தது, ஊரும் கம்பெனியும் வேறு வேறாக இருந்தாலும் நோய் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பிரின்டர், வைரஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்களை ரவுட்டருக்கே கொடுத்துவிட்டேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், நாங்கள் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். திருப்பூர் ஆபீஸிலிருந்து கரூர் யூனிட்டுக்கு 2 எம்பிபிஎஸ் பாயின்ட் டு பாயின்ட் லைன். இரண்டு பக்கமும் பழைய சிஸ்கோ ரவுட்டர், பல வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் இடி மழையில் கரூர் ரவுட்டர் போய்விட்டது. சப்ளையர் அவசரத்துக்கு ஒரு ஹுவாவே ரவுட்டரைக் கொண்டுவந்து வைத்து, பழைய கான்ஃபிகரேஷன் பிரின்ட் அவுட்டைப் பார்த்து அதே ஐபி முகவரியைப் போட்டுக்கொடுத்தார். மோடம் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன. ஆனால் இங்கே சிஸ்கோவில் பார்த்தால் 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்' என்றே வருகிறது. லைன் கொடுத்தவர்கள் லூப் போட்டுப் பார்த்துவிட்டு லைன் சுத்தம் என்கிறார்கள், சப்ளையர் ரவுட்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். மூன்று நாளாக நான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன். மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் வி.35 கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று.
— திருப்பூர் வாசகர்

பதில்: கேபிளை இனிமேல் தொடாதீர்கள், பாவம் அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. லைனும் நன்றாக இருக்கிறது, ரவுட்டரும் நன்றாக இருக்கிறது. இரண்டு ரவுட்டரும் ஒரே மாதிரி உறை போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன, அதை முதலில் பிரித்துப் படிக்க வேண்டும். 'சீரியல் அப்' என்றால் பக்கத்தில் இருக்கும் மோடத்திலிருந்து கேரியர் சிக்னல் ரவுட்டருக்கு வருகிறது என்று பொருள். கரூரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. 'லைன் புரோட்டோகால்' என்பதுதான் மறுமுனை ரவுட்டரோடு பேச முடிகிறதா என்பது. முதல் பாதி அப், இரண்டாம் பாதி டவுன் என்றால் கம்பி உயிரோடு இருக்கிறது, பேச்சுதான் இல்லை. லைன் கொடுத்தவர் போடும் லூப் சோதனை பிட்டுகள் போய்த் திரும்புகின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும், அந்த பிட்டுகளுக்குள் என்ன மொழி இருக்கிறது என்பது அவர் வேலையே இல்லை.

என்கேப்சுலேஷன் என்றால் உறை போடுவது. ஐபி பாக்கெட் நிர்வாணமாகக் கம்பியில் போகாது, அதைச் சுற்றி ஒரு ஃபிரேம் வேண்டும். சிஸ்கோ ரவுட்டரின் சீரியல் போர்ட்டில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ஹெச்டிஎல்சி என்ற உறையைப் போடும். ஹுவாவேயில் எதுவும் சொல்லாவிட்டால் பிபிபி. இப்போது உங்கள் சப்ளையர் கையில் வைத்திருந்த பிரின்ட் அவுட்டுக்கு வாருங்கள். சிஸ்கோ தன் 'ரன்னிங் கான்ஃபிக்'கில் தானாகவே வைத்துக்கொள்ளும் பல அமைப்புகளை அச்சிட்டுக் காட்டாது. ஹெச்டிஎல்சியும் அப்படித்தான், 'என்கேப்சுலேஷன்' என்ற வரியே அதில் இருக்காது. இல்லாத வரியை அவர் எப்படிப் பார்த்து எழுதுவார்? ஐபி இருந்தது, போட்டார். வேறு கம்பெனி ரவுட்டர் மாறுகிற இடங்களில் நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட தகராறுகள் இந்த எழுதப்படாத வரியால் வந்தவைதான்.

இரண்டு உறைக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு நல்ல துப்பு கிடைக்கும். இரண்டுமே ஹெக்ஸ் கணக்கில் 7இ என்ற அதே கொடி பைட்டோடுதான் தொடங்குகின்றன, முடிவில் பிழை பார்க்கும் சிஆர்சியும் ஒரே வகைதான். நடுவில்தான் வேறுபாடு. முகவரி பைட் பிபிபியில் எஃப்எஃப், சிஸ்கோ ஹெச்டிஎல்சியில் பொதுவாக 0எஃப். உள்ளே இருப்பது ஐபி பாக்கெட் என்று சொல்ல சிஸ்கோ 0800 என்று எழுதும், பிபிபி 0021 என்று எழுதும். அதாவது உறை கிழியாமல் வந்து சேர்கிறது, ஒட்டியதும் சரியாக இருக்கிறது, மேலே எழுதியிருப்பது மட்டும் புரியவில்லை. அதனால் ரவுட்டர் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? என்கேப்சுலேஷன் பொருந்தாமல் போனால் சிஆர்சி பிழை ஏறாது. 'ஷோ இன்டர்ஃபேஸஸ் சீரியல்' கொடுத்து, கீழே உள்ள இன்புட் எரர், சிஆர்சி எண்களைப் பாருங்கள். புரோட்டோகால் டவுன், ஆனால் பிழை எண் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால் என் சந்தேகம் உடனே உறை மேல்தான் போகும். பிழை எண் கடகடவென்று ஏறினால் அது வேறு கதை, அதைக் கோவை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? இரண்டு பக்கமும் பிபிபி வைத்துவிடுங்கள். ஹுவாவேயை ஹெச்டிஎல்சிக்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். ஹெச்டிஎல்சி என்ற பெயர் ஒன்றுதான், ஆள் ஒன்றல்ல. ஐஎஸ்ஓ தரப்படுத்திய ஹெச்டிஎல்சி ஃபிரேமில் உள்ளே எந்த புரோட்டோகால் இருக்கிறது என்று சொல்ல இடமே கிடையாது, சிஸ்கோ தன் வசதிக்கு இரண்டு பைட் சேர்த்துக்கொண்டது. பெயரை நம்பி இறங்குவதைவிட, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 1994இல் ஆர்எஃப்சி 1661 என்று எழுதிவைக்கப்பட்ட பிபிபியே நிம்மதி.

ஹுவாவேயில் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது, இருந்தாலும் அந்த இன்டர்ஃபேஸில் 'லிங்க்-புரோட்டோகால் பிபிபி' இருக்கிறதா என்று கரூர் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பூர் சிஸ்கோவில் 'கான்ஃபிகர் டெர்மினல்', பிறகு 'இன்டர்ஃபேஸ் சீரியல்' என்று போட்டு உங்கள் போர்ட் எண், பிறகு 'என்கேப்சுலேஷன் பிபிபி'. ஐபி முகவரி அப்படியே இருக்கும், அழியாது. சில நொடிகளில் லைன் புரோட்டோகால் அப் ஆகிவிட வேண்டும். மறுபடி 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' கொடுத்தால் 'என்கேப்சுலேஷன் பிபிபி, எல்சிபி ஓபன்' என்றும், அதையொட்டி 'ஓபன்: ஐபிசிபி' என்றும் வரும். எல்சிபி என்பது இரண்டு ரவுட்டரும் கைகுலுக்குவது, ஐபிசிபி என்பது 'சரி, இனி ஐபி அனுப்பலாம்' என்று ஒப்புக்கொள்வது. எல்சிபி ஓபன் ஆகி ஐபிசிபி ஆகாமல் நின்றால் ஏதோ ஒரு பக்கம் ஐபி முகவரி போட மறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எல்சிபியே ஓபன் ஆகவில்லை என்றால் 'டிபக் பிபிபி நெகோஷியேஷன்' போடுங்கள். திரையில் ஓடும் ஒவ்வொரு வரியிலும் ஓ அல்லது ஐ என்ற எழுத்து இருக்கும். ஓ என்றால் நம் ரவுட்டர் அனுப்பியது, ஐ என்றால் வந்தது. 'ஓ கான்ஃப்ரெக்', 'ஓ கான்ஃப்ரெக்' என்று ஓ மட்டுமே சலிக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் நாம் கூப்பிடுகிறோம், அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்று அங்கே பிபிபி இல்லை, இல்லையென்றால் ஒரு திசையில் லைன் செத்திருக்கிறது. ஓவும் ஐயும் மாறி மாறி வந்து கடைசியில் சாப் (பாஸ்வேர்ட் வைத்து மறுமுனையைச் சரிபார்க்கும் முறை) என்ற இடத்தில் முறிந்தால் பாஸ்வேர்ட் பிரச்சினை. வேலை முடிந்ததும் 'அன்டிபக் ஆல்' கொடுக்க மறக்காதீர்கள். அப்புறம் இரண்டு பக்கமும் சேவ் செய்யுங்கள். சேவ் செய்யாமல் விட்டு, அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆகி, எனக்கே மறுபடி எழுதுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. ரவுட்டர் வைத்திருக்கும் ரேக்கில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சர்க்யூட் எண், இரண்டு முனை ஐபி, என்ன என்கேப்சுலேஷன், மறுமுனையில் யாரைக் கூப்பிடுவது. அந்தத் தாள் இருந்திருந்தால் உங்களுக்கு மூன்று நாள் மிச்சம்.

கேள்வி: எங்கள் அச்சகத்துக்கும் குடோனுக்கும் நடுவே 64 கேபிபிஎஸ் லைன். புரோட்டோகால் டவுன் என்று வந்தது. தெரிந்த பையன் ஒருவன் 'நோ கீப்அலைவ்' என்று ஒரு கமாண்ட் போட்டான், உடனே அப், அப் என்று வந்துவிட்டது. சந்தோஷப்பட்டோம். ஆனால் ஒரு பைட்கூடப் போகவில்லை. அப் என்று வந்த பிறகு ஏன் போகவில்லை?
— சிவகாசி வாசகர்

பதில்: பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அந்தப் பையன் செய்தது அதுதான், ரவுட்டரின் கண்ணை மூடிவிட்டான்.

ஹெச்டிஎல்சியில் 10 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு சின்ன செய்தி அனுப்பும். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: 'இது என்னுடைய இத்தனையாவது செய்தி', 'உன்னிடமிருந்து நான் கடைசியாகப் பார்த்தது இந்த எண்'. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அடிக்கடி ஒரு குரல் கொடுத்துப் பார்ப்போமே, அப்படி. மூன்று முறைக்கு மேல் பதில் எண் ஏறாவிட்டால் லைன் புரோட்டோகாலை டவுன் என்று அறிவித்துவிடும். 'நோ கீப்அலைவ்' போட்டால் குரல் கொடுப்பதையே நிறுத்திவிடும், கேரியர் இருக்கிறது, எனவே அப் என்று எழுதிவிடும். மறுமுனையில் பிபிபி இருந்தாலும் அப், ரவுட்டரே இல்லாமல் மோடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தாலும் அப்.

முதலில் அந்த இன்டர்ஃபேஸில் 'கீப்அலைவ் 10' என்று திரும்பப் போடுங்கள். பிறகு 'டிபக் சீரியல் இன்டர்ஃபேஸ்' கொடுத்தால் மைசீக், மைன்சீன், யுவர்சீன் என்று மூன்று எண்கள் வரும். மைசீக் நீங்கள் அனுப்பியது. மைன்சீன் என்பது உங்கள் செய்தியை மறுமுனை பார்த்ததாகச் சொன்ன எண். யுவர்சீன் நீங்கள் பார்த்த அவர்கள் எண். மைசீக் ஏறிக்கொண்டே போய், மற்ற இரண்டும் நகராமல் நின்றால் அங்கிருந்து எதுவுமே உங்களுக்குப் புரியும்படி வரவில்லை, மறுமுனை என்கேப்சுலேஷனைப் பாருங்கள். யுவர்சீன் ஏறுகிறது, மைன்சீன் மட்டும் நிற்கிறது என்றால் அவர்கள் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது போகவில்லை, அனுப்பும் ஜோடிக் கம்பியில் கோளாறு. மூன்றும் சேர்ந்து ஏறினால் லிங்க் நன்றாக இருக்கிறது, ரூட்டிங்கில்தான் தேட வேண்டும்.

குடோனில் யாராவது ஏற்கனவே 'நோ கீப்அலைவ்' போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்கள் பக்கம் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டால் அங்கே அப் என்று இருக்கும், உங்கள் பக்கம் டவுன் என்று இருக்கும். இந்த ஒரு பக்கம் அப், ஒரு பக்கம் டவுன் விளையாட்டில் பலர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, நான் ஒரு கூட்டுறவு வங்கியில் கணினிப் பிரிவு. பதினோரு கிளைகளில் ஒவ்வொன்றாக ஹெச்டிஎல்சியிலிருந்து பிபிபிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முதல் கிளையில் டெல்நெட் (இருந்த இடத்திலிருந்தே தூரத்து ரவுட்டருக்குள் நுழையும் வழி) வழியாகப் போய் 'என்கேப்சுலேஷன் பிபிபி' என்று அடித்தேன், என்டர் தட்டியதும் திரை உறைந்துவிட்டது. பயந்து போய் ஜீப் எடுத்துக்கொண்டு கிளைக்கே போய் பழையபடி மாற்றிவிட்டு வந்தேன். மீதிப் பத்து கிளைகளுக்கும் நேரில்தான் போக வேண்டுமா?
— விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம், ஜீப்பை நிறுத்துங்கள். நீங்கள் பாதி வேலையைச் சரியாகத்தான் செய்தீர்கள், மீதிப் பாதியைச் செய்யாமல் பயந்துவிட்டீர்கள். திரை உறைவது எதிர்பார்த்ததுதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொண்டீர்கள், ஆனால் இந்த மரத்தில் கிளையை மறுபடி ஒட்ட முடியும்.

விதி இதுதான்: முதலில் தூரத்து முனை, பிறகு பக்கத்து முனை. கிளை ரவுட்டரில் பிபிபி போட்டதும் லிங்க் விழும், உங்கள் டெல்நெட் நிற்கும். அந்த ஜன்னலை மூடாதீர்கள். வேறொரு ஜன்னலில் தலைமை அலுவலக ரவுட்டருக்குள் லேன் வழியாகவோ கன்சோல் வழியாகவோ போய், அந்தக் கிளைக்கான சீரியல் இன்டர்ஃபேஸிலும் பிபிபி போடுங்கள். லிங்க் எழுந்துவிடும், பல நேரம் உறைந்து கிடந்த முதல் ஜன்னலே மறுபடி உயிர் பெற்றுவிடும். இதற்காகத்தான் கிளைக்கு டெல்நெட் செய்யும்போது தலைமை ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து தாவாமல், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் போங்கள் என்கிறேன்.

எழாவிட்டால்? அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்க வேண்டும். கிளை ரவுட்டரில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் 'ரீலோட் இன் 15' என்று கொடுங்கள். 15 நிமிடத்தில் ரவுட்டர் தானாக அணைந்து எழும், எழும்போது சேவ் செய்து வைத்த பழைய கான்ஃபிகரேஷனோடு எழும், அதாவது ஹெச்டிஎல்சியோடு. நீங்கள் தலைமை ரவுட்டரில் பழையபடி ஹெச்டிஎல்சிக்குத் திரும்பினால் போதும், லிங்க் வந்துவிடும். எல்லாம் நன்றாக நடந்தால் 15 நிமிடம் முடிவதற்குள் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டு அதன் பிறகு சேவ் செய்யுங்கள். வரிசை முக்கியம். மாற்றிய பிறகு ரீலோட் கொடுத்தால் 'கான்ஃபிகரேஷன் மாறியிருக்கிறது, சேவ் செய்யவா?' என்று கேட்கும், கை பழக்கத்தில் யெஸ் என்று தட்டினால் கயிறு அறுந்தது. வங்கி என்பதால், ரவுட்டர் ஒருமுறை ரீலோட் ஆனாலும் பரவாயில்லை என்கிற நேரத்தில், கவுன்டர் மூடிய பிறகு செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன் மலை மேலிருந்த ஒரு சின்ன ஆபீஸுக்கு இதே வேலையைச் செய்தபோது, ஒரே அடியாக முடித்துவிடலாம் என்று என்கேப்சுலேஷனோடு சாப் அங்கீகாரத்தையும் சேர்த்துப் போட்டேன். சாப்பில் ஒரு ரவுட்டர் தன் ஹோஸ்ட்நேமைச் சொல்லித்தான் அறிமுகமாகும், மறுமுனையில் அதே பெயரில் யூசர்நேம் இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. நான் ஹோஸ்ட்நேமில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக அடித்திருந்தேன், ரீலோட் கயிறும் கட்டவில்லை. காலை பஸ் பிடித்து மேலே போய், அரை நிமிடத்தில் ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு, டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாள் என்கேப்சுலேஷன் மட்டும், அது ஓடுகிறது என்று பார்த்த பிறகு வேறொரு நாள் சாப்.

கேள்வி: ரவுட்டரில் 'அப், அப்' என்று வருகிறது, பக்கத்தில் 'லூப்டு' என்று ஒரு வார்த்தையும் இருக்கிறது. என் ஐபிக்கு நானே பிங் செய்தால் போகிறது, மறுமுனைக்குப் போகவில்லை.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: நீங்கள் உங்களோடேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். லைனைச் சோதித்தவர் எங்கோ லூப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டார், அல்லது உங்கள் மோடத்தில் லோக்கல் லூப் பட்டன் அமுங்கியிருக்கிறது. பட்டனை முதலில் பாருங்கள், தூசி துடைக்கிறபோது அமுங்குவதுண்டு. அது இல்லையென்றால் லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டு, 'லூப்பை எடுங்கள்' என்று நேராகவே சொல்லுங்கள், 'லைன் வேலை செய்யவில்லை' என்று புகார் கொடுத்தால் மறுபடி சோதிக்க இன்னொரு லூப் போடுவார்கள்! இது ஹெச்டிஎல்சி லைன் என்பதால் இப்படி அப் என்று காட்டுகிறது. பிபிபியில் ஒவ்வொரு முனையும் மேஜிக் நம்பர் என்று ஓர் எண்ணைச் சொல்லும், தன் எண்ணே தனக்குத் திரும்பி வந்தால் லூப் என்று கண்டுபிடித்துவிடும். அதனால்தான் வேண்டுமென்றே லூப் போட்டுச் சோதிக்கும் நாளில் மட்டும் தற்காலிகமாக ஹெச்டிஎல்சிக்கு மாற்றிக்கொள்வது வழக்கம்.

கேள்வி: இரண்டு முனையிலும் பிபிபிதான், நானே பார்த்தேன். ஆனாலும் லிங்க் பத்து நிமிடம் இருக்கிறது, விழுகிறது, எழுகிறது. சிஆர்சி, அபார்ட் (பாதியில் முறிந்த ஃபிரேம்) எண்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஜி.703 லைன், நடுவில் வி.35 கன்வர்ட்டர். எங்கள் ஃபவுண்டரி மோட்டார்களால் இருக்குமோ?
— கோவை வாசகர்

பதில்: மோட்டாரைப் பிறகு திட்டலாம், முதலில் கிளாக், அதாவது பிட்டுகளுக்குத் தாளம் போடும் கடிகாரம். உறை தவறாக இருந்தால் லிங்க் எழவே எழாது, இப்படி எழுந்து எழுந்து விழாது, சிஆர்சியும் ஏறாது. உங்களுடையது பிட்டுகளே சிதைந்து வருகிற கேஸ்.

இரண்டு கன்வர்ட்டரிலும் டிப் ஸ்விட்ச் இருக்கும், கிளாக் 'இன்டர்னல்' என்றும் 'லைன்' என்றும். இரண்டு பக்கமும் இன்டர்னல் என்று இருந்தால் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன, கொஞ்சம் கொஞ்சமாக விலகி ஒரு கட்டத்தில் ஒரு பிட் நழுவும், அந்த ஃபிரேம் போச்சு. லைன் கொடுப்பவரின் நெட்வொர்க்கே கிளாக் கொடுக்கிறது என்றால் இரண்டு முனையும் 'லைன்'. நடுவில் நெட்வொர்க் எதுவும் இல்லாமல் வெறும் மோடம் ஜோடி என்றால் ஒரு முனை இன்டர்னல், மறுமுனை லைன். எது உங்களுடையது என்பதை லைன் கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள், இதை ஊகிக்காதீர்கள்.

ஃபிரேமிங்கையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஜி.703 லைனில் ஓடும் இ1 என்பது 32 டைம்ஸ்லாட், ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ், மொத்தம் 2048. ஃபிரேம்டு என்று வைத்தால் பூஜ்யமாவது ஸ்லாட் ஒழுங்குபடுத்தும் வேலைக்குப் போய்விடும், மீதி 31 ஸ்லாட்டில் 1984 கேபிபிஎஸ்தான் உங்களுக்கு. ஒரு முனை ஃபிரேம்டு, மறுமுனை அன்ஃபிரேம்டு என்றால் எதுவுமே எழாது, எனவே உங்கள் கேஸ் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. கிளாக் சரியாக இருந்தும் பிழை ஏறினால் எர்த்தையும், மோட்டார் கேபிள் போகும் டிரேயிலேயே உங்கள் லைனும் போகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. லேபில் இரண்டு சிஸ்கோ ரவுட்டர்களை சீரியல் கேபிளால் இணைத்து பிபிபி போட்டோம். தவறுதலாக ஒன்றில் 10.1.1.1, மற்றதில் 10.2.2.2, இரண்டுக்கும் /30 மாஸ்க். அதாவது வேறு வேறு சப்நெட் (ஐபி முகவரிக் குழு). ஆனால் பிங் போகிறது! மேடம் போகவே கூடாது என்கிறார். யார் சரி?
— நாகர்கோவில் மாணவி

பதில்: ஹெச்டிஎல்சி என்றால் மேடம் சொல்வது சரி. பிபிபியில் நீங்கள் பார்த்ததும் சரி. ஐபிசிபி பேச்சுவார்த்தையின்போது இரண்டு ரவுட்டரும் தங்கள் ஐபி முகவரியைச் சொல்லிக்கொள்ளும், சிஸ்கோ அதைக் கேட்டு மறுமுனை முகவரிக்கு மட்டும் /32 என்று ஒரு ரூட்டைத் தன் டேபிளில் எழுதிவைத்துவிடும். 'ஷோ ஐபி ரூட்' கொடுத்துப் பாருங்கள், 10.2.2.2/32 என்று ஒரு வரி இருக்கும். 'நோ பியர் நெய்பர்-ரூட்' என்று போட்டு இன்டர்ஃபேஸை ஒருமுறை அணைத்து எழுப்பினால் பிங் நின்றுவிடும். அதை மேடத்திடம் பணிவாகக் காட்டுங்கள், ஜெயித்த முகத்தோடு வேண்டாம், பிராக்டிகல் மார்க் அவர் கையில் இருக்கிறது.

இது வெறும் லேப் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நிஜ லைனில் ஐபி தவறாகப் போட்டவர், பிங் போகிறதே என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். அதே லிங்கில் இஐஜிஆர்பி என்ற ரூட்டிங் புரோட்டோகாலை ஓட்டினால் நெய்பர் உருவாகாது, ஒரே சப்நெட்டில் இல்லை என்று முறைக்கும். ஒருவேளை லேபில் எப்போதாவது லைன் புரோட்டோகாலே எழவில்லை என்றால், கேபிளின் டிசிஇ முனை (கிளாக் கொடுக்க வேண்டிய முனை) எந்த ரவுட்டரில் இருக்கிறது என்று 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' கொடுத்துப் பார்த்து அங்கே 'கிளாக் ரேட்' போட்டிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். லேபில் மோடம் கிடையாது, அந்த வேலையை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: எங்களுக்குப் புதிதாக ஃபைபரில் இன்டர்நெட் லீஸ்டு லைன் வந்திருக்கிறது. சீரியல் எல்லாம் இல்லை, சாதாரண ஈதர்நெட் போர்ட்தான். /30 ஐபி கொடுத்தார்கள், போட்டோம். போர்ட் அப், அப். கேட்வேக்கு பிங் இல்லை. ஏஆர்பி டேபிளில் 'இன்கம்ப்ளீட்' என்று இருக்கிறது. ஈதர்நெட்டில் என்கேப்சுலேஷன் தொல்லை இல்லை என்று நினைத்தோம்.
— அம்பத்தூர் வாசகர்

பதில்: சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதேதான். இங்கே அதன் பெயர் விஎல்ஏஎன் டேக், ஒரே கம்பியில் போகும் பல வாடிக்கையாளர்களைப் பிரித்துக் காட்டும் எண் சீட்டு. லைன் கொடுப்பவர் தன் பக்கம் ஒவ்வொரு ஃபிரேமிலும் 8100 என்று தொடங்கும் 4 பைட் டேக்கைச் செருகி, அதில் உங்களுக்கு ஒதுக்கிய விஎல்ஏஎன் எண்ணை எழுதி அனுப்புவார். நீங்கள் டேக் இல்லாமல் அனுப்பினால் அவருடைய ஸ்விட்ச் அது யாருடையது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். நீங்கள் 'யார் அந்த ஐபி?' என்று ஏஆர்பியில் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், பதில் வராது, அதுதான் அந்த 'இன்கம்ப்ளீட்'.

சீரியலைவிட இது ஒரு விதத்தில் மோசம். அங்கே லைன் புரோட்டோகால் டவுன் என்றாவது சொல்லும். ஈதர்நெட் போர்ட்டுக்கு மறுமுனை ரவுட்டரோடு கைகுலுக்கும் பழக்கமே இல்லை, பக்கத்தில் உள்ள மீடியா கன்வர்ட்டரோடு கேபிள் ஒட்டியிருந்தாலே அப், அப் என்று சிரித்துக்கொண்டிருக்கும்.

லைன் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எங்களுக்கு டேக் போட்டுக் கொடுக்கிறீர்களா, போடாமல் கொடுக்கிறீர்களா, போட்டால் எந்த எண்?' 120 என்று சொன்னார் என்று வையுங்கள். மெயின் இன்டர்ஃபேஸில் இருக்கும் ஐபியை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே 120 என்று ஒரு சப்-இன்டர்ஃபேஸ் உருவாக்கி, 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 120' போட்டு, பிறகு அதில் ஐபி போடுங்கள். சப்-இன்டர்ஃபேஸில் என்கேப்சுலேஷன் போடுவதற்கு முன் ஐபி போட்டால் சிஸ்கோ ஏற்காது. மெயின் இன்டர்ஃபேஸ் 'நோ ஷட்டவுன்' நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசுகிறவருக்கே டேக் இருக்கிறதா தெரியவில்லை என்றால் (அடிக்கடி நடக்கும்) கன்வர்ட்டரில் ஒரு லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க்கில் (கம்பியில் வருவதைத் திரையில் காட்டும் மென்பொருள்) பாருங்கள், அவர்கள் பக்கத்து ரவுட்டர் ஏதாவது ஏஆர்பி அனுப்பினால் அதில் விஎல்ஏஎன் எண் தெரியும். ஆனால் சில லேப்டாப்களின் நெட்வொர்க் டிரைவர் டேக்கை உரித்துவிட்டுத்தான் வயர்ஷார்க்குக்கே கொடுக்கும், எனவே டேக் தெரியவில்லை என்பதால் டேக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பிங் வந்த பிறகு வேகம் மட்டும் நொண்டினால் டூப்ளெக்ஸை (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுவதா, மாறி மாறிப் பேசுவதா என்பதை) பாருங்கள். அவர்கள் போர்ட்டை 100 ஃபுல் என்று கட்டாயமாக வைத்திருந்து, நீங்கள் ஆட்டோ என்று விட்டிருந்தால் உங்கள் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் ரவுட்டரில் லேட் கொலிஷன் ஏறும், அவர்கள் பக்கம் சிஆர்சி ஏறும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் 100 ஃபுல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.